குடைத் துணித் திரை

டேப்பம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிப் புத்தகத்தோடு சரி. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால் தெருவுக்கே அவள் டேப்பம்மாதான். வயது ஐம்பத்தெட்டு. வீடுகளுக்குத் திரை, சோபா உறை, மெத்தை உறை தைத்துக் கொடுப்பது தொழில். மற்ற தையல்காரர்கள் கடையில் கிடைக்கிற பூப்போட்ட துணியை வாங்கித் தைத்து நிம்மதியாக இருப்பார்கள். இவளுக்கு அது ஒத்து வராது. கோணியில் மேசை விரிப்பு, லாரித் தார்ப்பாயில் நாற்காலி இருக்கை, மாவு மூட்டைத் துணியில் தலையணை உறை என்று எதையாவது வெட்டித் தைத்து நீட்டுவாள். வாங்கும்போது மூக்கைச் சுளிக்கிறவர்கள் அடுத்த வருடம் பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

எதிர் வீட்டில் அவளுடைய அக்கா இருந்தாள். அறுபத்தாறு வயது. முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலை பார்த்தவள். கணவர் போன பிறகு தனிக்கட்டை. தங்கையும் தனிக்கட்டைதான், அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அப்படியானால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கா வீட்டில் சேர்ந்து இருந்து பார்த்தார்கள். ஒன்பது நாள் தாக்குப்பிடித்தது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தொடங்கிய பேச்சு, சின்ன வயதில் யார் யாருடைய பென்சிலை உடைத்தார்கள் என்பது வரை போய், பத்தாம் நாள் டேப்பம்மா தையல் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு எதிர் வீட்டுக்கு வாடகைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரே வீட்டுப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை. யார் முதலில் எடுப்பது என்பதுதான் பிரச்சினை. ஆனால் தினமும் காலையில் டேப்பம்மா தெருவைக் கடந்து போய் அக்காவிடம் ஒரு தேநீர் குடித்து, ஒரு சண்டை போட்டுவிட்டு வந்தால்தான் அவளுக்கு ஊசியில் நூல் நுழையும்.

இரண்டு வருடமாக அக்காவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரிகிறது. இதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். முப்பது வருடம் இருந்த வீடு என்பதால் அக்கா சமாளித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கல். கூடத்தின் கோடியில் இரண்டு வாசல் ஒட்டி ஒட்டி இருந்தன. இடது பக்கம் சமையலறை. வலது பக்கம் பின்வாசல். பின்வாசலைத் தாண்டினால் செங்குத்தாக மூன்று படி. ஒருநாள் சமையலறை என்று நினைத்துப் பின்வாசலுக்குள் நுழைந்து உருண்டு விழுந்தாள். நெற்றியில் ஐந்து தையல்.

அக்காவின் மகன் ஓடி வந்தான். வெளியூரில் கட்டடங்களுக்கு லிஃப்ட் பொருத்துகிற வேலை அவனுக்கு. நல்ல பிள்ளை, அவன் மனைவியும் நல்லவள். அதுதான் அக்காவுக்குப் பெரிய தொல்லை. கெட்ட பிள்ளையாக இருந்தால் வர முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடலாம்.

"போதும்மா. எங்ககூட வந்துடு. உனக்குன்னு தனி ரூம் இருக்கு" என்றான்.

"ரூம் இருக்குடா. அதுல நான் என்ன செய்வேன்? கட்டில்ல உக்காந்து, யாராவது வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்களான்னு காத்துட்டு இருப்பேன். இங்க என் தேநீரை நானே போட்டுக் குடிக்கறேன்."

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வருவான். நாள் முழுக்க அம்மா வீட்டில் நடமாடுவதைப் பார்ப்பான். தடுமாறாமல் இருந்தால் மறுபேச்சு இல்லை. தடுமாறினால் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டும்.

அக்காவை விட டேப்பம்மாதான் அதிகம் பயந்தாள். அக்கா போய்விட்டால் எதிர் வீட்டில் யாரோ குடிவருவார்கள். அவர்களிடம் போய் ஜன்னலுக்காகச் சண்டை போட முடியுமா? இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லவே மாட்டாள். "நான் பார்த்துக்கறேன் விடு. வாசலுக்கு வாசல் வேற வேற துணியில திரை போட்டுடறேன். தொட்டுப் பார்த்துப் போய்க்கோ" என்று மட்டும் சொன்னாள்.

பின்வாசலைப் பூட்டிவிட்டால் போயிற்று என்று கேட்கலாம். துணி துவைக்கிற இடமும் கொடியும் அந்தப் பக்கம்தான். தவிர, அக்காவிடம் அதைச் சொன்னபோது, "என்னை உள்ள வெச்சுப் பூட்டத்தான் என் பையன் இருக்கானே, நீ வேற எதுக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

துணி தேர்வு டேப்பம்மாவுக்குக் கைவந்த கலை. சமையலறை வாசலுக்கு வெல்வெட், பின்வாசலுக்குக் கோணி, குளியலறைக்குப் பூந்துவாலைத் துணி. பச்சைக் குழந்தை தொட்டால்கூட வித்தியாசம் தெரியும். அவள் அப்படித்தான் நினைத்தாள். துணிக்காரர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. துணி என்றால் முதலில் கைதான் போகும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய். உலகத்தில் எல்லோருக்கும் அந்த இரண்டு விரல் தங்களுக்கு இருப்பதைப் போலவே இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

திரை மாட்டிய அன்றைக்கு அக்கா எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, "பரவாயில்லடி, உனக்கும் மூளை இருக்கு" என்றாள். அக்காவிடமிருந்து அது பெரிய பாராட்டு. ஆனால் நான்கு நாளில் மூன்று தடவை பின்வாசல் பக்கமே போனாள். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. யோசனை வேறெங்கோ இருந்தது, கால் வழுக்கியது, தொலைபேசி மணி அடித்தது.

ஐந்தாம் நாள் காலையில் குட்டு உடைந்தது. அக்கா சமையலறைத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்று, விலைவாசியைத் திட்டிக்கொண்டிருந்தாள். டேப்பம்மா தற்செயலாகப் பார்த்தால், அக்காவின் விரலிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. திரையின் ஓரத்தில் அவள் எடுக்க மறந்த குண்டூசி ஒன்று நுனிவிரலில் ஏறி நிற்கிறது. அக்கா தன் பாட்டுக்கு வெங்காய விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

டேப்பம்மா ஊசியைப் பிடுங்கினாள். அதுவும் அக்காவுக்குத் தெரியவில்லை.

"அக்கா, நீ இப்ப பிடிச்சிருக்கறது என்ன துணி?"

அக்கா சட்டென்று வாயை மூடினாள். திரையை இப்படியும் அப்படியும் தேய்த்தாள். "கோணிதானே?" என்றாள், கேள்வியாகவே.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். சர்க்கரை வியாதியில் விரல் நுனிகள் மரத்துப்போய் இரண்டு வருடமாகிறதாம். கண் போன விஷயம் ஊருக்கே தெரியும், விரலும் போய்விட்டது என்று தெரிந்தால் மகன் தவணையெல்லாம் கொடுக்காமல் அன்றே தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று வாயைத் திறக்கவில்லை.

"என்கிட்ட கூடவா சொல்ல மாட்டே?" அழுகையை மறைக்க டேப்பம்மாவுக்கு ஒரு வழிதான் தெரியும். கத்தினாள். "வெல்வெட் என்ன விலைன்னு தெரியுமா? நல்ல வெல்வெட்டைக் கிழிச்சுத் தொங்க விட்டிருக்கேன், நீ கோணிங்கறே!"

கத்திக்கொண்டே திரைகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக உதறித் தரையில் எறிந்தாள்.

"இப்ப உதறினதுதான் கோணி" என்றாள் அக்கா. "இதுக்கு முன்னாடி எறிஞ்சது துவாலை."

டேப்பம்மா நின்றாள். "எப்படித் தெரியும்?"

"கேட்டுச்சே. கோணி பேசும்டி. உன் வெல்வெட்தான் ஊமை. முப்பது வருஷம் இந்தக் காதாலதானே சம்பளம் வாங்கினேன். வேலைக்குத்தான் ஓய்வு கொடுத்தாங்க, காதுக்குக் கொடுக்கல."

மறுநாளே டேப்பம்மா துணிக்கடைக்குப் போனாள். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு துணியையும் காதருகே வைத்துக் கசக்கினாள். கடைக்காரர் இருபது வருடப் பழக்கம். இருந்தாலும் பயந்துபோனார்.

"என்னம்மா, துணி என்ன சொல்லுது?"

"இது முணுமுணுக்குது. எனக்கு வாயாடியா வேணும்."

"உங்க வீட்டுக்கா?"

"எங்க வீட்டுல ஏற்கனவே ஒருத்தி இருக்கா. இது எங்க அக்காவுக்கு."

பட்டு லேசாகக் கிசுகிசுத்தது, காற்றடித்தால் காணாமல் போய்விடும். கஞ்சி போட்ட பருத்தி முதல் நாள் மொடமொடத்து, நான்காம் நாள் தொய்ந்துவிடும். ரெக்சினுக்குச் சத்தம் உண்டு, நாற்றமும் உண்டு. கடைக்காரர் இருந்ததையெல்லாம் இறக்கிப் போட்டார். ஒன்றும் தேறவில்லை. வெளியே வந்தபோது எதிர்ப்பக்கம் குடை ரிப்பேர்காரர் ஒரு பழைய குடையின் துணியைக் கம்பியிலிருந்து உருவிக்கொண்டிருந்தார். சரசரவென்று தெருவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. டேப்பம்மா வண்டிகளைப் பார்க்காமல் தெருவைக் கடந்தாள். அவரிடம் உருப்படாத குடைகள் ஒரு மூட்டை இருந்தன. மூட்டையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

குடைத் துணியைத் துவைத்து, நீள நீளப் பட்டைகளாக வெட்டி, சமையலறை வாசலில் தொங்கவிட்டாள். அதன் ஓரமாக, காலில் இடறாதபடி ஒரு சின்ன மேசை விசிறி, மெதுவாக ஓடும்படி. நாள் முழுக்க அந்த வாசல் சரசரத்துக்கொண்டே இருந்தது. பின்வாசலுக்கு லாரித் தார்ப்பாய், அடி மடிப்பில் கூழாங்கல் வைத்துத் தைத்தது. அது அசையவே அசையாது. தெரியாமல் தோள் பட்டால் தடதடவென்று ஊரைக் கூட்டும். படுக்கையறை வாசலுக்குக் கனத்த கம்பளி. அதன் பக்கத்தில் போய்ப் பேசினால் பேச்சு அமுங்கிவிடும், அதுவே அடையாளம். நாற்காலிக்கு வரிவரியான கார்டுராய் உறை, முதுகில் நகத்தால் கீறினால் வரக்கென்று பதில் சொல்லும். வீடு பார்க்கக் கூடாரம்போல் இருந்தது. பார்க்க வேண்டியவளுக்குத்தான் கண் இல்லையே.

மூன்றே நாளில் அக்கா அந்த வீட்டை மனப்பாடம் செய்துவிட்டாள். இரண்டு வாரத்தில் கையை முன்னால் நீட்டாமல், தட்டில் கோப்பையோடு, கூடத்துக்கும் சமையலறைக்கும் ராணி மாதிரி போய் வந்தாள். டேப்பம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாதி அக்காவுக்காக, பாதி தனக்காக. சரியாகச் சொன்னால் முக்கால் தனக்காக.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகனும் வந்தான். வீட்டைச் சுற்றிப் பார்த்தான், சிரிக்கவில்லை. விசிறியை நிறுத்திப் பார்த்தான். அக்கா நின்று, "கரண்ட் போச்சா, நீ நிறுத்தினியா?" என்று கேட்டுவிட்டு, வாயால் ஊதி, பட்டைகளின் சலசலப்பைக் கேட்டுச் சரியாகச் சமையலறைக்குள் போனாள். அவன் கூடத்தில் ஒரு நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி வைத்தான். அக்கா முழங்காலால் அதைத் தொட்டு, "வந்ததும் வராததுமா வேலையைக் காட்டாதே" என்று சுற்றிக்கொண்டு போனாள். காலை போய் மத்தியானமும் போயிற்று. ஒரு தடுமாற்றம் இல்லை.

"எல்லா மெஷினும் ஓடும்போது நல்லாத்தான் ஓடும் சித்தி" என்றான் மகன். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "நாங்க என்னைக்காவது லிஃப்ட் கயிறு அறுந்தா என்ன ஆகும்னுதான் பார்ப்போம். ஆனா இது... நான் எதிர்பார்க்கல."

டேப்பம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயந்திரத் தேநீருக்கு பிஸ்கட் வாங்கி வருகிறேன் என்று கடைக்கு ஓடினாள். கையில் ஒரு புதுப் பை. இங்கேதான் அவள் தொழில் அவளைக் கவிழ்த்தது. உள்ளங்கை அகலத் துணி மிஞ்சினாலும் தூக்கிப் போட எந்தத் தையல்காரிக்கும் மனசு வராது. இவளிடம் மிஞ்சியதோ அரை மூட்டைக் குடைத் துணி. முந்தின நாள்தான் அதில் தனக்கென்று ஒரு பை தைத்திருந்தாள். கறுப்பும் நீலமுமாக, மழைக்கு ஏற்ற அழகான பை.

பிஸ்கட்டோடு திரும்பி வந்தவள் கொல்லை வழியாக ஏறி, தார்ப்பாயை ஓசைப்படாமல் ஒதுக்கிக்கொண்டு, பின்வாசலில் சாய்ந்து நின்றாள். அக்கா காலிக் கோப்பைகளோடு கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். அந்த நடையை இன்னொரு தடவை பார்க்க ஆசை. கையில் பை விசிறிக் காற்றில் சரசரத்தது.

அக்கா ஒரு கணம் நின்றாள். இரண்டு சத்தம். ஒன்று வலுவாக, பக்கத்தில். வலுவான சத்தத்தின் பக்கம் திரும்பி நேரே நடந்தாள்.

டேப்பம்மாவுக்குப் புரிவதற்குள் தட்டு அவள் நெஞ்சில் இடித்தது. தட்டைப் பிடிப்பதா, அக்காவைப் பிடிப்பதா என்று ஒரு நொடி. இரண்டு கையாலும் அக்காவை உள்ளே தள்ளினாள். தள்ளிய வேகத்தில் தான் பின்னால் சாய்ந்து, தார்ப்பாயோடு மூன்று படியும் உருண்டாள். கோப்பைகள் நொறுங்கின. தார்ப்பாய் தடதடவென்று ஊரைக் கூட்டியது.

அக்கா வாசலில் நின்றபடியே இருந்தாள். கண் இருக்கிறவள்தான் கீழே கிடந்தாள்.

மகன் சித்தியைத் தூக்கி வந்து கார்டுராய் நாற்காலியில் உட்கார வைத்தான். கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிக்கொண்டிருந்தது. ஈரத் துணி சுற்றினான். பிறகு அந்தப் பையை எடுத்து, ஒரு தடவை கசக்கிப் பார்த்தான். அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"என் தப்புப்பா" என்றாள் டேப்பம்மா. "மிஞ்சின துணி. எனக்குத் தோணவே இல்லை. உங்க அம்மா சரியாத்தான் வந்தா."

"சரியாத்தான் வந்தாங்க. அதுதான் சித்தி எனக்குப் பயம். நாளைக்கு எவனாவது ஒரு பிளாஸ்டிக் பையோட வந்து அங்க நிப்பான். நீங்க இருந்ததால தள்ளி விட்டீங்க. நீங்க இல்லாத நேரத்துல?"

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளில் அவள் சுவரைப் பிடித்து டேப்பம்மா பார்த்ததில்லை.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றான் மகன். "நான் சொன்னா அம்மா கேக்க மாட்டாங்க. நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதை நான் அப்படியே ஏத்துக்கறேன். அம்மாவால தனியா இருக்க முடியுமா?"

முடியும் என்ற ஒரு வார்த்தை போதும். ஒரு மாதமாக அதற்காகத்தான் வெட்டினாள், தைத்தாள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தட்டு நெஞ்சில் இடித்த அந்த நொடியும் கூடவே வந்தது. தான் அங்கே இல்லாமல், பை மட்டும் ஆணியில் தொங்கியிருந்தால்?

"அவளால முடியுமான்னு எனக்குத் தெரியலப்பா" என்றாள். குரல் உடைந்தது. இந்த முறை கத்த முடியவில்லை. "என்னால முடியாது. அவ உன்கூட வந்துட்டா நான் காலையில எழுந்து எங்க போவேன்? யார்கிட்ட பேசுவேன்? இதெல்லாம் அவளுக்காகத் தைச்சேன்னு சொல்லிட்டுத் திரியறேன். எனக்காகத்தான் தைச்சேன்."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஐம்பத்தெட்டு வயதில், மகன் முறையாகிற அக்கா பிள்ளை முன்னால், சின்னப் பெண்ணைப்போல் அழுதாள். மகன் என்ன செய்வது என்று தெரியாமல் ஈரத் துணியைத் திரும்பத் திரும்பச் சுற்றினான்.

அக்கா சுவரை விட்டுவிட்டு, அழுகை வந்த திசையில் நேராக நடந்து வந்தாள். நாற்காலியின் பக்கத்தில் நின்று, தங்கையின் தலையைத் தேடிப் பிடித்து, மரத்துப்போன விரல்களை அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

"டேய்" என்றாள் மகனிடம். "எதிர் வீட்டுல இவ கட்டில் இருக்கு. ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வந்து தூக்கி, உள் ரூம்ல போடு. நாளைக்கு அந்த மெஷினையும் கொண்டு வந்துடலாம்."

"சித்திகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"கால் வீங்கிக் கெடக்கறவகிட்ட என்ன கேள்வி? இவளால தனியா இருக்க முடியாதுன்னு இவளே சொல்லிட்டா. நீ போ."

அவன் அம்மாவையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

டேப்பம்மா மூக்கை உறிஞ்சினாள். "ஜன்னலை நான் திறந்துதான் வைப்பேன்" என்றாள்.

"திற. எவ வேண்டாம்னா?" என்றாள் அக்கா. பிறகு, அந்தத் தலையை லேசாக ஒரு குட்டுக் குட்டி, "பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடியே இதைச் சொல்லித் தொலைச்சிருந்தா, இத்தனை துணியை வெட்டியிருக்க வேண்டாமேடி" என்றாள்.